கவ்வாத்துச் சாமி கல்லடியில் நீ புதைத்தது

என் ஆசைத் தம்பி முருகேசு,

உயிரோடு இருந்தபோதே நீ அக்கா பேச்சைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. இப்போது மண்ணுக்குள் படுத்துக்கொண்டு கேட்கவா போகிறாய்? இருந்தாலும் சொல்லியாக வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்கு வருஷம். அதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும் என்று நாலைந்து நாளாகக் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்த கையோடு உட்காருகிறேன்.

அஞ்சாம் வகுப்போடு கூடையைத் தூக்கியவள் நான். எழுத்துப் பிழையைத் திருத்தித் தருகிறேன், வார்த்தையைத் தொடமாட்டேன் என்று பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்லியிருக்கிறார். மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் கொடுக்கிறேன். நம்முடைய தோட்டத்தில் மட்டுமா இப்படிப் புதைத்திருப்பார்கள்?

முதலில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். உனக்குச் செய்து கொடுத்த சத்தியத்தை மீறிவிட்டேன், தம்பி.

நீ போவதற்கு மூன்று நாளைக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்தாய். உடம்பெல்லாம் நீர் கோத்து, உன் விரல் எனக்கு வேறு யாருடைய விரலோ போல இருந்தது. உன் பெண்சாதி ராணியை டீ வாங்கப் போகச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னாய்.

“அக்கா, கௌசி பொறந்த வருஷம், தட பண்ணுன பூச்சி மருந்து எட்டு சின்னப் பீப்பா ஸ்டோர்ல கெடந்துச்சு. செக் பண்ண ஆளு வருதுன்னு கண்டாக்கையா பயந்து, கண்ணுக்குத் தெரியாம எங்கயாச்சும் போட்ருன்னாரு. ரோட்டோரம் போட்டா நம்ம சனம் தண்ணி புடிக்கத் தூக்கிட்டுப் போயிரும்ல. அதான் பொதைச்சேன்.”

எங்கே என்று கேட்டேன். “கவ்வாத்துச் சாமி கல்லுக்குக் கீழ” என்றாய்.

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் நாளில் ஆம்பிளைகள் கத்தியை வைத்துக் கும்பிடுகிற கல் அது. பொம்பிளைகள் நாங்கள் அந்தப் பக்கம் போவதே கிடையாது. அங்கே யாரும் மண்வெட்டி போடமாட்டார்கள், ஒரு புல்லைக் கூட அறுக்கமாட்டார்கள். அதனால்தான் அந்த இடத்தைப் பிடித்தாய். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கொட்டகலைக் கடைவீதிக்குப் போனபின் ஒற்றை ஆளாக ஒவ்வொன்றாகச் சுமந்து போய்ப் புதைத்தாய். மண் ஈரமாக இருந்ததால் வெட்டுவது லேசாக இருந்தது என்று வேறு சொன்னாய். அந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்று அப்போது யோசித்தாயா, தம்பி?

“யாருக்கும் சொல்லாதக்கா. ராணியும் புள்ளையும் இந்த லயத்துலதான் கெடக்கணும். கௌசி தலமேல சத்தியம் பண்ணு” என்றாய். பண்ணினேன். சாகக் கிடக்கிறவன் கேட்கிறான், பண்ணாமல் என்ன செய்வது? பிள்ளை அந்த நேரம் லயத்து வீட்டில் தூங்கிக்கொண்டு இருந்திருப்பாள். அவள் தலையை நான் அங்கேயிருந்து அடகு வைத்துவிட்டேன்.

உன்னைப் புதைத்து வந்த பிறகு எனக்கு மலை ஊற்று வந்து விழுகிற பீலியில் தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் கை தயங்கும். கல் மேலே, பீலி கீழே. ஆனால் நான் அதை நினைத்துப் பார்க்கவில்லை, நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தேன். ராணியையும் கொதிக்க வைக்கச் சொன்னேன். ஏன் மதினி என்றாள், மழைக்காலம் என்றேன்.

நீ போய் நாலாவது மாதம் பீலித் தண்ணீரில் ஒரு வாடை வந்தது. தவளைக் குஞ்சுகளைக் காணோம். பொம்பிளைகளுக்குக் கையெல்லாம் அரிப்பு. சங்கத்துத் தலைவர் எங்கெங்கோ எழுதிப்போட்டு, கடைசியில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மிஸ்ஸும், சேர் என்று நாங்கள் கூப்பிடுகிற ஒரு சிங்களவரும் வேனில் வந்தார்கள். தண்ணீரைப் போத்தலில் எடுத்துப் போய், ஒரு மாதம் கழித்து வந்து சொன்னார்கள். பூச்சி மருந்து கலந்திருக்கிறது, பழைய மருந்து, மேலேயிருந்து வருகிறது, எங்கேயிருந்து என்று தெரியவில்லை.

நான் மிஸ்ஸிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். “கொதிக்க வச்சாப் போயிராதா மிஸ்?”

“கொதிச்சா கிருமிதான்கா சாகும். மருந்து சாகாது. தண்ணி வத்த வத்த மருந்து கூடத்தான் செய்யும்.”

அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை.

மறுநாள் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் எல்லோரையும் நிற்க வைத்து, மிஸ் தாங்கள் செய்யப் போவதை விளக்கினார். மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்கள் இருக்கின்றனவாம். அதில் சில உயிர்கள் இந்த மருந்தையே தின்று பழகியவையாம். அவற்றைப் புல் வேரோடு சேர்த்து வளர்த்து, இந்த மலையில் விடப் போகிறார்களாம்.

திரும்பி நடக்கும்போது பேச்சைக் கேட்க வேண்டுமே. “கிருமிய ஓட்டுறதுக்குக் கிருமியக் கொண்டாந்து விடப் போறாங்களாம்டி” என்றாள் சரோஜா. உன் சுவருக்கு அடுத்த காம்பராவில் இருக்கிற சரோஜாதான்.

“ஏற்கெனவே நம்ம ரத்தத்தக் குடிக்க அட்ட இருக்கு, மேல ஆபிஸ் இருக்கு. இது வேறயா?” என்றாள் இன்னொருத்தி.

“இது மருந்ததான் குடிக்குமாம். நம்ம பொன்னையா ராத்திரி குடிக்கிற மருந்தையும் குடிச்சா புண்ணியமாப் போகும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வாயை நானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்தச் சேர் லயத்துக்கு லயம் வந்து கேட்டார். என் வாசலிலும் நின்றார். “அக்கே, தன்னவா நம் கியன்ன” என்றார், தெரிந்தால் சொல்லுங்கள் என்று. நான் தலையை ஆட்டினேன். தெரியாது என்று வாயால் சொல்லவில்லை. தலையைத்தான் ஆட்டினேன். அப்படிச் செய்தால் பொய் ஆகாது என்று நினைத்தேனா, என்னவோ.

பிறகுதான் கௌசிக்குக் கால் வீங்கியது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையின் காலில் சப்பாத்தின் தடம் குழியாகக் கிடந்தது. அழுத்தினால் விரல் உள்ளே போய் அப்படியே நிற்கிறது. உனக்கும் இப்படித்தானே தொடங்கியது? நுவரெலியாவுக்குக் கொண்டு போனோம். சிறுநீரில் போகக் கூடாதது போகிறது, மாதம் ஒருதரம் கொண்டு வாருங்கள் என்றார்கள். தண்ணீராலா என்று ராணி கேட்டாள். அதை இப்போது அடித்துச் சொல்ல முடியாது, எதற்கும் அந்தத் தண்ணீரைக் கொடுக்காதீர்கள் என்றார் டாக்டர். பஸ்ஸில் வரும்போது பிள்ளை என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சொன்னால் இந்தத் தலைக்கு ஆகாது. சொல்லாவிட்டால் இந்த உடம்புக்கு ஆகாது. நீயே சொல், நான் எதைப் பிடித்துக்கொள்வேன்?

ஒரு கிழமை பொறுத்தேன். பிறகு மிஸ்ஸும் சேரும் ஆறாம் நம்பர் மலையில் குழி வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போனேன். அவர்கள் வெட்டிய இடமெல்லாம் தப்பான இடம். கூடையை இறக்கி வைத்துவிட்டு, “என் பின்னால வாங்க” என்றேன். பொம்பிளை போகாத வழியில் நான் முன்னால் நடந்தேன். கல்லுக்குக் கீழே வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் காட்டினேன்.

எட்டும் இருந்தன, தம்பி. இரும்பு தின்று போய், முட்டை ஓடு மாதிரி உடைந்து கிடந்தன. வெள்ளை உடுப்பும் மூக்கு மூடியும் போட்டுக்கொண்டு வந்து, பீப்பாயையும் அடிமண்ணையும் வாரி லொறியில் ஏற்றினார்கள். அந்த அடிமண்ணில் ஒரு புழு இல்லை, ஒரு வேர் இல்லை. இத்தனை நாள் மண்ணைக் கிண்டியவள் நான், அப்படிச் செத்த மண்ணைப் பார்த்ததில்லை. குழிக்குப் பக்கத்திலேயேதான் ஊற்றுக் கண் இருந்தது. அதற்காகத்தானே பெரியவர்கள் அந்த இடத்தில் சாமியை வைத்தார்கள், தண்ணீர் பிறக்கிற இடம் என்று.

குழியிலிருந்து ஒரு கை எட்டும் தூரத்தில் மானாப்புல் நின்றது. யாரும் கத்தி வைக்காததால் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. மிஸ் அதைப் பார்த்ததும் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். வேரோடு ஒட்டின மண்ணைச் சின்னக் கரண்டியால் எடுத்துப் போத்தலில் போட்டார், கோயிலில் திருநீறு வாங்குகிற மாதிரி.

“வெளியில இருந்து கொண்டாந்து விட்டா நிக்காதுக்கா. மருந்து கெடந்த எடத்துல, அதையே தின்னு பொழைச்சதுதான் நமக்கு வேணும். அது இந்த வேர்லதான் இருக்கும்.”

“வேர் என்னத்துக்கு மிஸ்? மண்ணு போதாதா?”

“வேர்தான் அதுக்குச் சாப்பாடு போடுது. வேர்ல இருந்து இனிப்பு மாதிரி ஒன்னு கசியும். அதத் தின்னுட்டு மருந்த ஒடைக்கும். மருந்து கொறைஞ்சா புல்லு பொழைக்கும். ஒன்ன விட்டா ஒன்னு இல்ல.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார், “இங்க புல்ல அறுத்துச் சுத்தமா வச்சிருந்தீங்கன்னா ஒன்னுமே கெடைச்சிருக்காது.”

தேயிலையைப் பிடுங்கின மலையில் மண் ஆறட்டும் என்று மானாப்புல் நட்டு இரண்டு வருஷம் சும்மா போடுவார்களே, அதை நாம் எத்தனை தரம் நட்டிருப்போம். புல்தான் மண்ணை ஆற்றுகிறது என்று இருந்தேன். புல்லுக்குக் கீழே இத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

நாற்று வளர்க்கிற தவறணையில் மூன்று வரிசையாகச் சட்டி வைத்தார்கள். எல்லாவற்றிலும் கல்லடி மண்ணைச் சுட்டுக் கிருமியெல்லாம் சாகடித்துப் போட்டார்கள். முதல் வரிசையில் புல் மட்டும். இரண்டாவதில் அந்த உயிர்கள் மட்டும். மூன்றாவதில் இரண்டும். தண்ணீர் ஊற்ற என்னைப் போட்டார்கள். முதல் வரிசைப் புல் பதினைந்து நாளில் மஞ்சளாகிச் சாய்ந்தது. இரண்டாம் வரிசையில் மருந்து பெரிதாகக் குறையவில்லை. மூன்றாவதில் புல் நின்றது, மருந்தும் குறைந்தது. குறைந்தது என்றுதான் சொன்னார்கள், போய்விட்டது என்று சொல்லவில்லை.

“எல்லாம் எப்பப் போகும் மிஸ்?” என்று கேட்டேன்.

“வருஷக் கணக்காகும்கா. சிலது பாதி ஒடைஞ்சு நின்னுரும், அதுவே வேற விஷமாகவும் ஆகலாம். வேற ஒரு உயிரு வந்து மிச்சத்த எடுத்துக்கணும். அது வருமான்னு பாத்துக்கிட்டேதான் இருக்கணும்.” அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும்.

இனி லயத்துச் சேதியைச் சொல்கிறேன். உன்னை ஏவின மேலதிகாரி கண்டாக்கையா பென்சன் வாங்கிக்கொண்டு எப்போதோ கீழ்நாட்டுக்குப் போய்விட்டார். தலைவர் போன் பண்ணிக் கேட்டதற்கு, எனக்கு ஞாபகம் இல்லையே என்றாராம். அவருக்கு ஞாபகம் இல்லை, ஆகவே எல்லாம் உன் தலையில். உன் குழிமேட்டில் ராணி நட்டிருந்த குரோட்டன் செடியை யாரோ பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். யார் என்று நான் விசாரிக்கவில்லை. அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கும்.

ராணி என்னோடு பேசி நாலு மாதம் ஆகிறது. “செத்தவரு பேரக் கெடுத்துட்டீங்களே மதினி. கூடப் பொறந்தவதானா நீங்க?” என்று கேட்டாள். கௌசி தலையில் நான் செய்த சத்தியத்தை அவளிடம் நான் சொல்லவில்லை. அவளுக்கு அதையும் கொடுக்க மனசு வரவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்வாள்.

இப்போது கிழமைக்கு இரண்டு தரம் பவுசர் லொறியில் தண்ணீர் வருகிறது. குடத்தோடு எல்லோரும் வரிசையில் நிற்போம். போன மாதம் அந்த வரிசையில்தான் நடந்தது. யாரோ உன்னை ஏசினார்கள். ராணி குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“அவருக்குத் தெரியாதுங்க. தண்ணில கலக்கும்னு தெரிஞ்சிருந்தா, தான் பெத்த புள்ளைக்கு அந்தத் தண்ணியக் குடுத்திருப்பாரா?”

சரோஜாதான் மெதுவாகச் சொன்னாள். சண்டைக்காகச் சொல்லவில்லை, அவளுக்கே அப்போதுதான் பட்டிருக்க வேண்டும்.

“குடுக்கலையே ராணி. கடைசி ரெண்டு வருஷம் மேல் டிவிசன் பீலியில இருந்துல்ல ஒங்களுக்குச் சுமந்தாரு.”

தம்பி, எனக்கும் அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. காலையில் பெரட்டுக்கு முன்னால் தோளில் இரண்டு கேனோடு நீ ஒரு மைல் ஏறி இறங்குவாய். அந்தத் தண்ணீரில் சோறு நன்றாக வேகுது என்பாய். “ராணியம்மாவுக்கு அரமனத் தண்ணி வருது, வழி விடுங்கடி” என்று இதே பொம்பிளைகள் கேலி பண்ணுவோம். நீ குனிந்துகொண்டே போவாய். வெட்கம் என்று நினைத்தோம். உனக்குப் பிறகு சுமக்க ஆள் இல்லாமல் ராணி பக்கத்துப் பீலிக்கே வந்தாள். வந்த ஏழாவது மாதம் பிள்ளைக்குக் கால் வீங்கியது.

ராணி குடத்தை நிரப்பாமலே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கௌசி மட்டும் கேத்தலோடு அங்கேயே நின்றாள்.

மருந்தடித்தவன் நீ. முகத்தை மூட ஒரு துணி கூடக் கொடுக்காமல் வருஷக் கணக்காக உன் முதுகில் மருந்தைக் கட்டிவிட்டார்கள். உன் கிட்னி எதனால் போனது என்று ஒருவரும் எழுதித் தரவில்லை. அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்று கேட்க வேண்டும். லயத்தில் இருபத்திநாலு காம்பரா. எங்கள் வாசலைத் தாண்டித்தானே கேனைத் தூக்கிக்கொண்டு போனாய்? ஒரு நாளாவது அக்கா வாசலில் ஒரு கேனை இறக்க உனக்குத் தோன்றவில்லையா? தோன்றி, கேட்டால் என்ன சொல்வது என்று பயந்தாயா?

பயந்திருப்பாய். நானும் அதே பயத்தில்தானே சேரிடம் தலையை ஆட்டினேன். உனக்கு இரண்டு வருஷம், எனக்கு ஏழு மாதம். நீ தண்ணீரைச் சுமந்தாய், நான் கொதிக்க வைத்தேன். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

போன கிழமை மேலே கல்லடிச் சரிவில் புல் நட்டோம். மூன்றாம் வரிசைச் சட்டியில் பிழைத்த நாற்று. கல்லைத் தலைவர் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார், பூசை இனி அங்கேதான். கௌசியும் என்னோடு ஏறி வந்தாள், பாதி வழியில் இரண்டு தரம் உட்கார்ந்து கால் ஆறி வந்தாள். வீக்கம் இன்னும் வற்றவில்லை. நாற்றை எடுத்து என் கையில் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

“அத்த, அப்பாவுக்குத் தெரியுமா?”

“நட்டு முடிச்சுரலாம் கண்ணு, மழ வருது” என்றேன். மழை வரவில்லை. அவளும் வானத்தைப் பார்த்தாள், மறுபடி கேட்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது தங்கள் தோட்டத்தில் இப்படி ஓர் இடம் தெரிந்திருக்கும். அப்பா சொல்லியிருப்பார், புருஷன் சொல்லியிருப்பான். அவன் பேர் கெடும் என்று வாயை மூடிக்கொண்டு இருப்பீர்கள். கெடத்தான் செய்யும். என் தம்பிக்குக் கெட்டது. ஆனால் எடுக்காவிட்டால் அது கீழேதான் வரும், கீழே பீலி இருக்கும்.

முருகேசு, ஞாயிற்றுக்கிழமை உன் வருஷத்துக்கு ராணி படையல் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நான் போடுகிறேன். நெத்தலி வறுத்து, ரொட்டி சுட்டு, நீ கேட்கிற மாதிரி சம்பலில் எலுமிச்சை கூடப் பிழிந்து வைக்கிறேன். கௌசியைக் கூப்பிட்டிருக்கிறேன், வருகிறேன் என்றாள்.

கும்பிட்டு முடித்ததும் அவளை உட்கார வைத்துச் சொல்லிவிடுவேன். உங்கப்பாவுக்குத் தெரியும் என்று சொல்வேன். அத்தைக்கும் தெரியும் என்று சேர்த்துச் சொல்வேன். ஒன்றை மறைத்து ஒன்றைச் சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு அவள் என் கையால் சாப்பிடுவாளோ மாட்டாளோ, தெரியாது. சாப்பிடாவிட்டாலும் திங்கட்கிழமை நான் மேலே போய்ப் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றுவேன். அந்த ஊற்றில் திரும்பத் தவளைக் குஞ்சு வருகிற வரைக்கும், இல்லை என் கால் ஏறுகிற வரைக்கும் ஊற்றுவேன். இதற்கு யார் தலையிலும் நான் கை வைக்கவில்லை.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்து,
உனக்குத் தெரிந்த அந்தத் தண்ணீரையே குடித்த
உன் அக்கா
பாக்கியம்